புறஊதா ராமன் கருவியும் செவ்வாயில் உயிர்த் தேடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாயில் ஓடும் ஆய்வு வண்டியான பெர்சிவரன்ஸ் ரோவர் ஆராய்ந்த ஒரு பாறையில் 'உயிர்ச் சுவடாக இருக்கக்கூடிய' அடையாளங்கள் இருப்பதாக நாசா 2025 செப்டம்பரில் அறிவித்தது. இங்குள்ள கேள்விகளில் பெரும்பாலானவை அந்த அறிவிப்பை ஒட்டி எழுந்தவை. அடையாளங்களில் ஒன்றைக் கண்டது, ரோவரின் கை நுனியில் இருக்கும் ஷெர்லாக் என்ற கருவி. பாறை மீது புறஊதா லேசரைப் பாய்ச்சி ராமன் நிறமாலை எடுப்பது அதன் வேலை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். செவ்வாயில் உயிர் இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்களா?

இல்லை. இந்தக் கருவி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவும் முடியாது. பாறையின் இந்தப் புள்ளியில் இன்ன கனிமம் இருக்கிறது, அந்தப் புள்ளியில் கரிமப் பொருள் இருக்கிறது என்று அது சொல்லும். எது எதை ஒட்டிக் கிடக்கிறது என்று காட்டும் அந்த வரைபடம்தான் அதன் உண்மையான பயன். எந்தப் பாறையில் துளையிட்டு மாதிரி எடுக்கலாம் என்ற முடிவுக்கு அது உதவுகிறது. உயிரா இல்லையா என்ற தீர்ப்பு வேறோர் இடத்தில், வேறு கருவிகளால் வரவேண்டியது.

ராமன் சிதறல் என்பது என்ன?

ஒரு பொருளின் மீது ஒற்றை நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளி ஏறக்குறைய முழுவதும் அதே நிறத்தில் இருக்கும். கோடியில் ஓர் ஒளித்துகள் போல மிகச் சிறு பகுதி மட்டும் நிறம் மாறி வரும். மூலக்கூறின் அதிர்வுக்குத் தன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கொடுத்துவிட்டு வருவதால் இந்த மாற்றம். ஒவ்வொரு வேதிப்பிணைப்பும் தனக்கே உரிய அளவில் அதிர்வதால், எவ்வளவு ஆற்றல் குறைந்தது என்று அளந்தால் பிணைப்பை அடையாளம் காணலாம். இந்தக் குறைவை அலைஎண்ணில், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலைகள் என்ற அளவில், சொல்வது வழக்கம். கார்பனேட் 1,085க்கு அருகில் கோடு காட்டும், சல்பேட் 1,010ஐ ஒட்டி, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பு 2,900 அளவில், நீர் 3,200 முதல் 3,600 வரை. எந்த நிற லேசரைப் பயன்படுத்தினாலும் இந்த எண்கள் மாறுவதில்லை.

1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் கண்டது இதைத்தான். ராமன் திருவானைக்காவலில் பிறந்தவர், கிருஷ்ணன் வத்திராயிருப்புக்காரர். தொடக்கச் சோதனைகளில் அவர்களிடம் லேசர் ஏது? வடிகட்டிய சூரிய ஒளியை வைத்தே பார்த்தார்கள். கோடியில் ஒரு பங்கைக் கண்ணால் பார்த்தவர்கள் என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

பச்சை லேசர் மலிவாகக் கிடைக்கும்போது புறஊதா எதற்கு?

மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. என் கணிப்பில் மூன்றாவதுதான் எல்லாவற்றையும் தீர்மானிப்பது.

முதலாவது, சிதறலின் வலிமை. அலைநீளம் குறையக் குறைய, அதன் நான்காம் அடுக்கின் விகிதத்தில் சிதறல் கூடும். ஷெர்லாக்கின் லேசர் 248.6 நானோமீட்டர், வழக்கமான பச்சை லேசர் 532. கணக்குப் போட்டால் ஏறத்தாழ 21 மடங்கு ஆதாயம். கோடியில் ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு 21 மடங்கு பெரிய விஷயம்.

இரண்டாவது, ஒத்ததிர்வு. டிஎன்ஏவின் காரங்கள், டிரிப்டோபன் போன்ற அமினோ அமிலங்கள், விண்கற்களிலும் நிலக்கரியிலும் இருக்கும் வளைய வடிவக் கரிமச் சேர்மங்கள் ஆகிய எல்லாமே இந்தப் புறஊதாப் பகுதியில் ஒளியை நன்றாக உறிஞ்சுபவை. உறிஞ்சும் அலைநீளத்துக்கு அருகில் லேசரை வைத்தால் ராமன் கோடுகள் பல மடங்கு வலுக்கும். அதாவது, தேடுகிற பொருளே முந்திக்கொண்டு குரல் கொடுக்கும்.

மூன்றாவது, ஒளிர்வுத் தொல்லையிலிருந்து விடுதலை. பச்சை லேசரைப் பாய்ச்சினால் கரிமப் பொருள்களும் பல கனிமங்களும் தாமாகவே ஒளிர ஆரம்பித்துவிடும். அதற்கு நடுவே ராமன் கோடுகளைத் தேடுவது, பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடும்போது வீணைக் கச்சேரி கேட்பது போன்றது. 532 லேசருக்கு ராமன் கோடுகள் 532இலிருந்து 676 நானோமீட்டர் வரை பரவிக் கிடக்கும், ஒளிர்வும் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். 248.6 லேசருக்கோ 4,000 அலைஎண் வரையிலான எல்லாக் கோடுகளும் 276 நானோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. கரிமப் பொருள்களின் ஒளிர்வு பெரும்பாலும் அதற்குப் பிறகே தொடங்குகிறது. ஒரே லேசரில் ராமன் ஒரு பக்கம், ஒளிர்வு மறுபக்கம் என்று இரண்டு தகவலும் ஒன்றோடொன்று மோதாமல் கிடைக்கும்.

கருவி எப்படி இருக்கும்? பாறையைத் தொட்டுப் பார்க்குமா?

தொடாது. சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ரோவரின் இரண்டு மீட்டர் நீளக் கையின் நுனியில் பாதியும் ரோவரின் உடலுக்குள் மீதியுமாக மொத்தம் 5 கிலோவுக்குள்தான் எடை.

முதலில் வேறொரு வேலை நடக்கவேண்டும். ரோவரின் துளைக்கருவி பாறையின் மேல்தோலை 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகச் சுரண்டும். பிறகு நைட்ரஜன் வாயுவை ஊதித் தூசியை விரட்டும். அப்படி வெளிப்பட்ட புதுமுகத்தின் மீது கை வந்து நிலைகொள்ளும். லேசர்ப் புள்ளியின் அகலம் 0.1 மில்லிமீட்டர். உள்ளே இருக்கும் சிறு கண்ணாடி அசைந்து புள்ளியை வரிசை வரிசையாக நகர்த்தும். பரந்து பார்க்கும் ஒரு வருடலில் 5 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் 36க்கு 36, மொத்தம் 1,296 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறமாலை. அதே சதுரத்தைக் கேமராவும் நெருக்கத்தில் படம் எடுக்கும். படத்தின் மேல் நிறமாலைகளை ஏற்றினால், கரிமம் கிடப்பது வெள்ளை நரம்பிலா கருப்புப் புள்ளியிலா என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

லேசரைப் பற்றியும் சொல்லவேண்டும். நியானும் தாமிரமும் கலந்த குழிக்கதோடு (உள்ளீடற்ற எதிர்மின்முனை) வகை. சூடேறட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை, இயக்கியவுடன் துடிப்புகளை அனுப்பத் தொடங்கிவிடும். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டிய ரோவருக்கு இப்படிப்பட்ட லேசர்தான் சரி.

கருவியைச் சரிபார்க்க ரோவரின் முன்புறத்தில் ஒரு தட்டு இருக்கிறது. அதில் விண்வெளி உடைத் துணிகளின் சில மாதிரிகளோடு ஒரு சிறு கல்துண்டும் உண்டு. ஓமன் பாலைவனத்தில் 1999இல் கண்டெடுக்கப்பட்ட செவ்வாய் விண்கல்லின் துண்டு அது, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் கொடுத்தது. என்றோ செவ்வாயிலிருந்து தெறித்துப் பூமிக்கு வந்த கல், ராக்கெட்டில் ஏறி ஊர் திரும்பியிருக்கிறது.

புறஊதா ஒளி கரிமப் பொருளை அழித்துவிடாதா? தேடுவதையே கொளுத்தினால் எப்படி?

அழிக்கும். அதனால்தான் ஒவ்வொரு புள்ளியிலும் துடிப்புகளின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தி அடுத்த புள்ளிக்கு நகர்கிறார்கள். ஆனால் செவ்வாயில் கரிமத்துக்குப் பெரிய எதிரி லேசர் அல்ல, சூரியன். அங்கே ஓசோன் படலம் என்று சொல்லத்தக்கது இல்லை. மெல்லிய கார்பன் டை ஆக்சைடு மண்டலம் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழுள்ளதைத்தான் தடுக்கிறது. மற்றதெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தரையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. மண்ணில் கரிமத்தைச் சிதைக்கக்கூடிய பெர்குளோரேட் உப்புகள் வேறு இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் கலம் கண்டது. பாறையைச் சுரண்டிவிட்டுப் பார்ப்பதன் காரணம் இதுதான்.

2025இல் செய்தியான அந்தப் பாறையில் என்னதான் இருந்தது?

பாறைக்கு வைத்த பெயர் சேயாவா ஃபால்ஸ். ஜெசிரோ பள்ளத்துக்குள் ஒரு காலத்தில் ஆறு பாய்ந்த நெரெட்வா வாலிஸ் என்ற தடத்தில், 2024 ஜூலையில் ரோவர் அதை எட்டியது. ஒரு மீட்டர் நீளம், செம்மண் நிறம், குறுக்கே கால்சியம் சல்பேட்டின் வெள்ளை நரம்புகள். நரம்புகளுக்கு நடுவே மில்லிமீட்டர் அளவில் வெளிறிய வட்டங்கள், அவற்றைச் சுற்றிக் கரிய விளிம்பு. குழுவினர் அவற்றைச் சிறுத்தைப் புள்ளிகள் என்றார்கள். அவற்றைவிடச் சிறிய கரும்புள்ளிகளுக்குக் கசகசா என்று பெயர்.

பிக்ஸல் என்ற எக்ஸ் கதிர்க் கருவி, கரிய விளிம்புகளில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்திருப்பதைக் கண்டது. அது விவியனைட் என்ற கனிமமாகவும், உட்புறத்தில் இருக்கும் இரும்பு சல்பைடு கிரெய்கைட்டாகவும் இருக்கலாம் என்று ஆய்வுக்குழு கருதுகிறது. ஷெர்லாக் தன் பங்குக்கு 1,600 அலைஎண்ணை ஒட்டி ஒரு பட்டையைக் கண்டது. கரிமக் கார்பனுக்கே உரிய ஜி பட்டை அது. பூமியில் சேற்றுப் படிவுகளுக்குள் நுண்ணுயிர்கள் கரிமத்தைத் தின்று, இரும்பையும் சல்பேட்டையும் ஒடுக்கும்போது (அதாவது, அவற்றுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து வேதிமாற்றம் செய்யும்போது) இதே கூட்டணி உருவாகிறது. அதனால்தான் இவ்வளவு பரபரப்பு.

செய்திகள் பெரும்பாலும் தொடாமல் விட்ட ஒன்று: பெயர்பெற்ற இந்தப் பாறையில் ஜி பட்டை வலுவாக இல்லை. அதே படிவில் அப்பல்லோ டெம்பிள் என்று பெயரிட்ட இடத்தில்தான் அது மிக வலுவாக இருந்தது. மேசானிக் டெம்பிள் என்ற இன்னோர் இடத்தில் பட்டையே தென்படவில்லை. ஒரே படிவில் ஓரிடத்தில் மிகுதி, இன்னோரிடத்தில் ஒன்றுமில்லை என்றால் அதற்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும் அல்லவா? இந்தக் கேள்வியை எழுப்பியதே என்னைப் பொறுத்தவரை கருவியின் வெற்றி.

உயிர் இல்லாமலே இதெல்லாம் உருவாகியிருக்க முடியாதா?

முடியலாம். கரிமப் பொருள் இரும்பை வேதிமுறையிலேயே ஒடுக்கக்கூடும், அதற்குப் பெரிய சூடு வேண்டியதில்லை. சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுவதுதான் கடினம். உயிரின் துணையில்லாமல் அது நடக்க 100 டிகிரியை நன்றாகத் தாண்டிய வெப்பம் தேவை. இந்தப் பாறை அப்படி வெந்ததற்கான தடயம் கிடைக்கவில்லை. இந்தப் பாறையைப் பற்றி நேச்சர் இதழில் ஆய்வுக்குழு எழுதிய கட்டுரை இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டது. 'இருக்கக்கூடிய உயிர்ச் சுவடு' என்ற நிதானமான சொல்லாட்சி அங்கிருந்து வந்ததுதான். தலைப்பு எழுதுபவர்களிடம் அந்த நிதானத்தை எதிர்பார்ப்பது வீண்.

2023லேயே செவ்வாயில் கரிமம் கிடைத்துவிட்டது என்று படித்தேனே?

ஆம், ஷெர்லாக் குழுவே ஜெசிரோவின் தரைப்பாறைகளைப் பற்றி 2023 ஜூலையில் கட்டுரை வெளியிட்டது. பத்து இடங்களிலும் ஒளிர்வு தெரிந்தது, அது வளையக் கரிமச் சேர்மங்களோடு ஒத்துப்போகிறது என்றார்கள். ஆனால் அந்த வாதம் பெரிதும் ஒளிர்வின் மீது நின்றது.

2024இல் சயன்ஸ் அட்வான்சஸ் இதழில் இன்னொரு விளக்கம் வந்தது. பாஸ்பேட் கனிமத்தில் சீரியம் என்ற தனிமம் கொஞ்சம் கலந்திருந்தாலே ஏறக்குறைய அதே அலைநீளங்களில் ஒளிரும், சிலிக்காவில் உள்ள குறைபாடுகளும் ஒளிரும், கரிமத்தை இதற்குள் இழுக்கவேண்டிய அவசியமில்லை என்பது அதன் சாரம். ஒளிர்வு அகலமான, மொண்ணையான மேடு. பல பொருள்களுக்கு ஒரே மேடு வரலாம். ராமன் கோடு அப்படியல்ல, பிணைப்பின் கைரேகை. அடுத்த முறை 'செவ்வாயில் கரிமம்' என்ற செய்தியைப் பார்த்தால், கிடைத்தது ஒளிர்வா ராமன் கோடா என்று தேடிப் பாருங்கள். பாதிக் குழப்பம் தீரும்.

அப்படியானால் ஜி பட்டை கிடைத்தால் உறுதி என்று கொள்ளலாமா?

கரிமக் கார்பன் இருக்கிறது என்பதற்கு உறுதி. உயிரிலிருந்து வந்தது என்பதற்கு அல்ல. இதற்கு நாம் செவ்வாய் வரை போகவேண்டாம், மேற்கு ஆஸ்திரேலியாவே போதும்.

அங்கே ஏபெக்ஸ் செர்ட் என்ற, சுமார் 346 கோடி ஆண்டு வயதுள்ள பாறையில் நுண்ணுயிர்த் தொல்லெச்சங்களைக் கண்டதாகத் தொல்லுயிரியலாளர் வில்லியம் ஷோஃப் 1993இல் எழுதினார். இழை இழையான வடிவங்கள், பார்த்தால் பாக்டீரியா போலவே இருக்கும். 2002இல் ராமன் நிறமாலை எடுத்து, இழைகள் கார்பனால் ஆனவை என்று காட்டினார். நேச்சரின் அதே இதழில் மார்ட்டின் பிரேசியர் குழு, அந்த வடிவங்கள் வெந்நீர் ஊற்றுப் படிவில் உயிரில்லாமலே உருவான கார்பன் திரட்சிகள் என்று மறுத்தது. ராமன் நிறமாலையில் வல்லுநர்களான ஜில் பாஸ்டெரிசும் பிரிஜிட் வோபென்காவும், ஒழுங்கு குலைந்த கார்பன் எங்கிருந்து வந்தாலும் ஏறக்குறைய அதே நிறமாலையைத்தான் தரும், அதை வைத்துப் பிறப்பிடத்தைச் சொல்ல முடியாது என்றார்கள். கையில் எடுத்து, அறுத்து, உலகின் சிறந்த ஆய்வகங்களில் பார்த்த பாறைக்கே இந்தக் கதி. பல கோடி கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஒரு கருவியிடம் இதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

புறஊதா முறைக்குக் குறைகள் உண்டா?

உண்டு. லேசர் ஒளியே கண்டறிவானுக்குள் புகுந்துவிடாதபடி வைத்திருக்கும் வடிகட்டி, சுமார் 810 அலைஎண்ணுக்குக் கீழே உள்ள கோடுகளையும் சேர்த்து வெட்டிவிடுகிறது. குவார்ட்ஸின் முதன்மைக் கோடு 465இல் இருக்கிறது, ஹேமடைட்டின் முக்கியக் கோடுகள் பலவும் அதற்கும் கீழே. இரண்டுமே ஷெர்லாக்கின் கண்ணுக்குத் தப்பிவிடும். பிரித்தறியும் நுட்பமும் பச்சை லேசர்க் கருவிகளைவிட மந்தம், அருகருகே இருக்கும் கோடுகள் ஒன்றாகிவிடும். கரோட்டினாய்டு போன்ற நிறமிகளைத் தேடுவதென்றால் பச்சை லேசர்தான் கெட்டிக்காரத்தனமான தேர்வு, ஒத்ததிர்வு அங்கே அதன் பக்கம். ஐசோடோப்பு விகிதம் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்பது), அமினோ அமிலம் தன் இரு கண்ணாடிப் பிம்ப வடிவங்களில் இடக்கையா வலக்கையா என்பவற்றை இந்தக் கருவியால் சொல்ல முடியாது. உயிரா இல்லையா என்று தீர்மானிக்க அவைதான் முக்கியம்.

பச்சை லேசர்க் கருவி செவ்வாயில் இருக்கிறதா?

அதே ரோவரின் தலையில் இருக்கும் சூப்பர்கேம் 532 நானோமீட்டர் லேசரால் சில மீட்டர் தள்ளியிருந்தே ராமன் நிறமாலை எடுக்கிறது. ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ரோவரிலும் பச்சை ராமன் கருவி போகிறது. 2028இல் ஏவத் திட்டம். இரண்டு மீட்டர் ஆழம்வரை துளையிடக்கூடியது என்பதால் சூரியன் சுடாத மண்ணை அதனால் பார்க்க முடியும்.

நடுவில் ஷெர்லாக் பழுதாகிவிட்டது என்றார்களே?

2024 ஜனவரி 6 அன்று, தூசி படாமல் காக்கும் இரு மூடிகளில் ஒன்று பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொண்டது. லேசருக்கும் அதன் கேமராவுக்கும் முன்னால் தகடு நின்றுவிட்டது. மூடியை நகர்த்தும் அதே மோட்டார்தான் குவியத்தையும் சரிசெய்வது, ஆகவே ஒன்று போனால் இரண்டும் போகும்.

பொறியாளர்கள் மோட்டாரைச் சூடாக்கிப் பார்த்தார்கள், கையைப் பல கோணங்களில் திருப்பினார்கள், துளைக்கருவியின் சுத்தியலை இயக்கிக் கருவியையே உலுக்கினார்கள். மார்ச் தொடக்கத்தில் வந்த படங்களில் மூடி முழுவதுமாகத் திறந்திருந்தது. ஆனால் குவியம் இனி தானாகச் சரியாகாது. அதற்குப் பதிலாகக் கை முழுவதையும் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் நகர்த்தி, தெளிவாகத் தெரியும் தூரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஜூன் 17 அன்று கருவி மீண்டும் வேலை செய்வது உறுதியானது. சேயாவா ஃபால்ஸ் வந்தது அடுத்த மாதம்! ஒரு மாதம் தாமதமாகியிருந்தால் 1,600ஐ ஒட்டிய அந்தப் பட்டையைப் பற்றி எழுத எதுவும் இருந்திருக்காது.

பனி மூடிய நிலவுகளில் இதைப் பயன்படுத்த முடியுமா?

முயற்சி தொடங்கிவிட்டது. 2019இல் கிரீன்லாந்தின் சம்மிட் நிலையத்துக்கு அருகே பனியில் துளையிட்டு, 100 மீட்டருக்கும் கீழே ஒரு புறஊதாக் கருவியை இறக்கினார்கள். அதன் பெயர் வாட்சன். ஷெர்லாக்கின் துணைக் கேமராவுக்கும் இதே பெயர் என்பதால் படிப்பவர்கள் குழம்புவது உண்டு. கரிமங்களும் நுண்ணுயிர்களும் பனிக்குள் சீராகப் பரவாமல் மில்லிமீட்டர் அளவில் திட்டுத் திட்டாக இருப்பது ஒளிர்வில் தெரிந்தது. பனியை உருக்கிக் கலந்து ஆராய்ந்தால் இந்தத் திட்டுகள் கரைந்துபோயிருக்கும். யுரோப்பா, என்செலடஸ் போன்ற இடங்களுக்கு இது பயன்படும் பாடம்.

சேயாவா ஃபால்ஸ் துண்டு பூமிக்கு எப்போது வரும்?

2024 ஜூலை 21 அன்று துளையிட்டு எடுத்த அந்த மாதிரிக்குச் சஃபையர் கேன்யன் என்று பெயர், டைட்டானியக் குழாயில் அடைத்து மூடியிருக்கிறார்கள். மாதிரிகளைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் ஆகும், 2040 வரை காத்திருக்கவேண்டும் என்று 2024இல் நாசா சொன்னதிலிருந்தே அது தள்ளாடத் தொடங்கியது. வந்து சேர்ந்தால் முதலில் செய்யவேண்டியது, கிரெய்கைட்டில் உள்ள கந்தகத்தின் ஐசோடோப்பு விகிதத்தை அளப்பது. சல்பேட்டை ஒடுக்கும் நுண்ணுயிர்கள் எடை குறைந்த கந்தகத்தையே அதிகம் எடுத்துக்கொள்ளும். மில்லிமீட்டர் புள்ளிக்குள் அந்தச் சாய்வு இருக்கிறதா என்று பார்க்கும் கருவிகள் பூமியின் ஆய்வகங்களில் இப்போதே இருக்கின்றன.